வெறும் இடத்தின் அளவு

பிப்ரவரி 14, புதன். சாம்பல் புதன்.

காலைப் பூசையில் நானும் என் வீட்டுக்காரரும் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம். தவக்காலத்து ஒறுத்தல் கணக்கை எழுத வருடா வருடம் ஒரு நோட்டு போடுவேன். போன வருடம் காபியில் சர்க்கரை விட்டேன். மூன்று நாள் தவறியது, மூன்றும் விருந்துக்குப் போன வீட்டில். இந்த வருடம் சர்க்கரையோடு மதியத் தூக்கத்தையும் விட்டிருக்கிறேன். அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

இவர் இந்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முப்பத்து மூன்று வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறார். இதுதான் கடைசி வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மார்ச் 19 அவர்களுக்குக் கணக்குப் பரீட்சை. அதற்கு முன்னால், இந்த 29ஆம் தேதி வகுப்புகள் முடிவதற்குள், தொகையிடல் பாடத்தை ஒரு முறை முழுவதும் திருப்பிவிட வேண்டும் என்கிறார். கரும்பலகையில் வளைவரை போடுவது இப்போது அவருக்குச் சிரமம். கண் கூச்சம். அதனால் எங்கள் மகள் ரெஜினா விட்டுப்போன பழைய மடிக்கணினியில் நான் படம் போட்டுக் கொடுக்கிறேன். வகுப்பில் இருக்கும் பெரிய திரையில் அதைக் காட்டி இவர் நடத்துகிறார். மொத்தம் நாற்பத்திரண்டு படம். பொங்கலிலிருந்து இருபத்தைந்து முடித்துவிட்டேன்.

நான் படித்தது பத்தாவது. கணக்கில் நாற்பத்தொன்று. ஜியோஜீப்ரா என்கிற இந்த மென்பொருளை யாரும் சொல்லித்தரவில்லை. யூடியூப் பார்த்தேன், தப்பாகப் போட்டேன், திரும்பப் போட்டேன். அவ்வளவுதான்.

ஒறுத்தல்: சர்க்கரை இல்லை, தூக்கம் இல்லை.
சொட்டு மருந்து: காலை இரண்டு கண், மதியம் இடது கண், இரவு இரண்டு கண்.

பிப்ரவரி 15, வியாழன்.

படம் 26, 27. வர்க்கம் என்றால் எண்ணுக்குமுன் ஒரு தொப்பிக் குறி போட வேண்டும். வர்க்கமூலம் என்றால் எஸ், கியூ, ஆர், டி என்று நாலு எழுத்து. தட்டி முடித்ததும் கோடு தானாக வளைந்து வந்து நிற்கும். ஒரு மாதம் ஆகியும் அதைப் பார்க்கும்போது மனசுக்குள் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

"எப்படி வந்திருக்கு?" என்றார்.

"கிண்ணத்த நிமித்தி வச்ச மாதிரி வந்திருக்குங்க."

"கிண்ணம் கிண்ணமாவே சொல்லாத. எது வழியாப் போகுதுன்னு சொல்லு."

"சுழியில தொட்டு ரெண்டு பக்கமும் ஏறுது. ஒன்னுக்கு ஒன்னு, ரெண்டுக்கு நாலு, மூணுக்கு ஒம்பது."

"ம். என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சை வேணாம். கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. நீலம் போடு."

நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடினால்தான் யோசிக்க வருகிறதாம். கோதுமை அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி.

சிலுவைப்பாதை. ஒரு பொழுது.

திருப்புதல் தேர்வுத் தாள் முப்பத்தெட்டும் இன்று முடிந்தது. நான் வாசித்தேன், இவர் மதிப்பெண் சொன்னார், நான் சிவப்பு மையில் போட்டேன். எண்களை அவர் எழுதுவது போலவே வலப்பக்கம் சாய்த்துப் போடப் பழகிவிட்டேன். கார்குழலி என்கிற பிள்ளைக்குத் தொண்ணூறுக்கு எண்பத்தொன்பது. "யாருக்குப் பொறந்த புள்ளயோ" என்று சந்தோஷப்பட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு.

பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதர் அருள்தாஸ் நிறுத்திப் பேசினார். எங்கள் பங்குச் சாமியாரும் அவர்தான், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் அவர்தான்.

"அமலோற்பவம், தினமும் காலைப் பூசைக்கு வர்றீங்க, சாயங்காலம் செபமாலைக்கு வர்றீங்க. சாரையும் கையோட கூட்டிட்டு வந்துடறீங்க. பங்குல உங்களாட்டம் நாலு குடும்பம் இருந்தாப் போதும், நான் நிம்மதியாத் தூங்குவேன்."

இவர் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். "நான் எங்க ஃபாதர், அவ இழுத்த இழுப்பு."

கோவிலுக்கு அடுத்த வாசல் பள்ளிக்கூடம். பூசை முடிகிற நேரம்தான் பிளஸ் டூவுக்குக் காலைச் சிறப்பு வகுப்பு. பள்ளி வாசல்வரை இவரோடு போகிறேன். அங்கிருந்து வகுப்புக்கு அறுபத்தாறு அடி, இரண்டு படி. அது அவருக்குப் பாடம். சாயங்காலம் வகுப்பு விடுகிற நேரம்தான் செபமாலை. ஃபாதர் புகழ்ந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை.

ஃபாதருக்குத் தெரிந்தால் மருத்துவ விடுப்பில் போகச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும், அவர் பொறுப்பு அது. இவர் கேட்பது இன்னும் பதினொரு நாள். 29ஆம் தேதி கடைசி வகுப்பை எடுத்துவிட்டு, பிள்ளைகள் எழுந்து நின்று வழியனுப்ப, தன்பாட்டில் நடந்து வெளியே வர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்.

இன்று முதல் சுழற்றுகிற படங்கள். ஒரு பரப்பை எடுத்து அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுழற்றினால் ஒரு திடப்பொருள் கிடைக்கும், அதன் கன அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் ஒரு நகர்த்துப் பொத்தான் வைத்திருக்கிறேன். அதைச் சுழியிலிருந்து முந்நூற்றறுபதுக்கு இழுத்தால் தட்டையான கோடு சுற்றிச் சுற்றி உருண்டு திரண்டு வருகிறது. குயவர் சக்கரத்தில் மண் எழும்புவது போல இருக்கிறது. சிவப்புக் கோடு எக்ஸ் அச்சு. அது மட்டும் அசையாது.

படம் 36. மேலே வர்க்கமூலம் எக்ஸ். கீழே எக்ஸில் பாதி. இரண்டும் சுழியில் பிரிந்து நாலில் போய்ச் சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பை அச்சைச் சுற்றிச் சுழற்ற வேண்டும். சுழற்றினேன். வெளியே உருண்டையாக, உள்ளே புனல் போலக் குழிந்து, படுக்க வைத்த பாத்திரம் ஒன்று வந்தது. வெளிப்பக்கம் நீலம், உட்பக்கம் மஞ்சள். இதுவரை போட்டதில் இதுதான் அழகு.

இவருக்குக் காலையிலிருந்து தலைவலி. கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார்.

"இப்பப் போட்ட படம் எப்படி?"

"பாத்திரம் மாதிரி அழகா வந்திருக்குங்க. அதுக்குக் கன அளவு போட்டுறவா?"

"போடு. என்ன வருது?"

எத்தனை பாத்திரம் வாங்கியிருக்கிறேன். பால் சட்டி ஒன்றரை லிட்டர் என்றால் அது எவ்வளவு கொள்ளும் என்பதுதான் அளவு. உள்ளே இருக்கும் கோட்டை எடுத்து, வர்க்கமாக்கி, சுழியிலிருந்து நாலுவரை அதே மென்பொருளில் தொகையிட்டேன்.

"பதினாறு பை, கீழ மூணுங்க."

"ம். எழுது" என்றார்.

எப்போதும் நான் விடை சொன்னதும் உதடு அசைய ஒரு முறை மனசில் போட்டுப் பார்ப்பார். இன்று தலைவலி.

பிப்ரவரி 21, புதன்.

கண் ஆஸ்பத்திரி. கண் அழுத்தம் வலது 31, இடது 34. போன மாதம் 26, 29. இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும். புதிதாக ஒரு சொட்டு மருந்து, மூடி ஊதா நிறம், இரவு மட்டும். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அதை இங்கே எழுதவில்லை.

திரும்பும்போது பேருந்தில் படம் 28 முதல் 36 வரை வரிசையாக இவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். எந்தப் படத்துக்குப் பின் எது, எந்தக் கோடு எந்த நிறம், விடை என்ன. பக்கத்து இருக்கை அம்மா நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்துத் தன் செபமாலையை எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 22, வியாழன்.

செபமாலை முடிந்து பள்ளி வாசலுக்குப் போனபோது இவர் முகம் பளிச்சென்று இருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

"ஒரு தடவைகூடத் திரையப் பார்க்கல. பொத்தான அமுக்க வேண்டியது, சொல்ல வேண்டியது. பார்க்காமலே நடத்துறாருன்னு ஒருத்தன் பக்கத்துப் பயகிட்ட சொல்றான், எனக்குக் கேக்குது. உன் பாத்திரம் சுத்துச்சு பாரு, ஒரே கைதட்டு."

"என் பாத்திரமா?"

"பின்ன? பாயசம் வையி."

"தவக்காலங்க."

"சரி, ஈஸ்டருக்கு வையி. கணக்குல எழுதிக்க."

பிப்ரவரி 24, சனி.

மிளகாய் காயப்போட்டேன். ரெஜினா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அப்பா கண் எப்படி என்றாள். கூச்சம்தான் என்றேன். நல்ல டாக்டராகப் பாரும்மா என்றாள். பார்க்கிறோம் என்றேன்.

ஒறுத்தல் தவறவில்லை. சொட்டு மருந்து தவறவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்.

சாயங்காலம் வாசலில் ஒரு பிள்ளை வந்து நின்றது. பள்ளிச் சீருடை, சைக்கிள், நெஞ்சோடு அணைத்த நோட்டு. "நான் கார்குழலிம்மா. சார் இருக்காங்களா? ஒரு சந்தேகம்."

உட்காரச் சொல்லிவிட்டு டீ போடப் போனேன். பேச்சு அடுப்படிவரை கேட்டது.

"சார், வியாழக்கிழமை முப்பத்தாறாவது படம் இருந்துச்சுல்ல, அந்தப் பாத்திரம். அதுக்கு எனக்கு வேற விடை வருது சார்."

"என்ன வருது?"

"எட்டு பை, கீழ மூணு. நாலு தடவை போட்டுட்டேன். நீங்க காட்டினதுல பாதிதான் வருது. எங்க தப்புன்னு தெரியல. இத ஒரு தடவை பாருங்க சார்."

நோட்டின் தாள் சரசரத்தது. நான் டீத் தட்டோடு கதவருகே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை நோட்டை விரித்து இவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. இவர் கை மடியிலேயே இருந்தது.

"திரையில விடை போட்டிருந்துச்சா, இல்லையா?"

"போட்டிருந்துச்சு சார். ஆனா வெளியில இருக்கறதுலேர்ந்து உள்ள இருக்கறத கழிச்சா..."

"பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு. இருக்கற விடையப் படிக்கறத விட்டுட்டு வாத்தியார்கிட்டத் தப்புக் கண்டுபிடிக்க வந்திருக்கியா? எண்பத்தொம்பது வாங்கினதும் தலைக்கு ஏறிருச்சோ?"

"இல்ல சார். தப்புன்னு சொல்லல. பார்க்கத்தான் சொன்னேன்."

"பார்த்தாச்சு. போ."

நோட்டை மூடிக்கொண்டது. என்னைப் பார்த்து "வர்றேம்மா" என்றது. கண் நிறைந்திருந்தது. டீ குடிக்கவில்லை. சந்தேகம் கேட்டு வந்த பிள்ளையை இவர் ஏசி நான் கேட்டதே இல்லை. சந்தேகம் கேட்காதவனைத்தான் ஏசுவார்.

டீயை அடுப்படிக்கே திரும்பக் கொண்டுபோனேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்.

மதியம் படம் 36ஐத் திறந்தேன். நகர்த்துப் பொத்தானை முந்நூற்றறுபதிலிருந்து மெல்லப் பின்னால் இழுத்தேன். பாத்திரம் கலைந்து கலைந்து கடைசியில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்த பரப்பு மட்டும் தட்டையாக நின்றது. ஒரு பக்கம் நேராக நறுக்கிய வெற்றிலை போல. அது சுழியைத் தவிர எங்கும் அச்சைத் தொடவில்லை. சுற்றுவது அந்த வெற்றிலை மட்டும்தான். அச்சைத் தொடாதது சுற்றினால் நடுவில் ஒன்றும் இராது. கேட்டது அந்த வெற்றிலை சுற்றி உண்டாக்கிய கன அளவு, அதாவது பாத்திரத்தின் உடம்பு. நான் கொடுத்தது உள்ளே இருக்கிற காலி இடம். வெளியே எட்டு பை. அதில் காலி இடத்தைக் கழித்தால் எட்டு பை, கீழே மூன்று. அந்தப் பிள்ளை சொன்னதுதான்.

முப்பத்தெட்டு நோட்டில் என் தப்பு இருக்கிறது. நாளை மறுநாளோடு வகுப்பு முடிகிறது.

சாயங்காலம் செபமாலைக்கு முன்னால் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். நாலு, மூன்று, இரண்டு ஆனது. உள்ளே உட்கார்ந்திருப்பது ஃபாதர் அருள்தாஸ். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அது திருச்சபையின் சட்டம். சொல்லவும் மாட்டார். ஆனால் கேட்டது கேட்டதுதானே. நாளைக்கு இவர் இரண்டு படி ஏறுவதைப் பார்க்கும்போது அவருக்குத் தெரிந்துதானே இருக்கும். மனஸ்தாபப்பட்டு வருந்தினால் மட்டும் போதாது, பாவத்தை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். எந்தப் பாவத்தை விடுவது? இவரை வாசலில் கொண்டுபோய் விடுவதையா?

எனக்கு முன்னால் ஒருவர் இருக்கும்போது வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்.

காலையில் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"என்னங்க, முப்பத்தாறாவது படம் தப்பு. எவ்வளவு கொள்ளும்னு போட்டுட்டேன். அந்தப் புள்ள சொன்னதுதான் சரி."

தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அது சைக்கிள் ஸ்டாண்ட எடுக்கறதுக்குள்ள மனசுல போட்டுட்டேன். எட்டு பை, கீழ மூணு."

"அப்புறம் ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

சொட்டு மருந்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவரே பேசினார்.

"நீ தப்பா அளக்கல அமலா. எவ்வளவு கொள்ளும்னு கேட்டா அதுதான் விடை. கேள்வி அது இல்ல. அதப் பார்க்க வேண்டியது நான். முப்பத்து மூணு வருஷமாப் போடற கணக்கு, படுத்துக்கிட்டே போட்டிருக்கலாம். போடாம எழுதுன்னுட்டேன். உம்மேல வச்சுட்டுப் படுத்துட்டேன்."

"தலைவலிங்க அன்னைக்கு."

"திங்கக்கிழமை தலைவலி இல்லையே. நோட்ட நீட்டிக்கிட்டு நிக்கிது. வாங்கி என்ன செய்ய? வாங்கினாப் படிக்கணும். அதான் ஏசி அனுப்பிட்டேன்."

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "படத்தச் சரி பண்ணிட்டேன். நாளைக்கு அதப் போட்டு, முன்ன போட்டது அச்சுப்பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒரு நாள்தானே. முடிஞ்சுரும்."

"அந்தப் புள்ளைய ஏசினது அச்சுப்பிழையா?"

காபி ஆறிப்போனது. சூடுபண்ண எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நாளைக்குக் கம்ப்யூட்டர எடுத்துக்கிட்டு நீயும் வா" என்றார்.

பிப்ரவரி 29, வியாழன்.

முப்பது வருடமாக வாசலோடு நின்ற பள்ளிக்கூடத்துக்குள் இன்று போனேன். வகுப்பில் பலகையில் கலர் சாக்பீஸால் நன்றி என்று எழுதிப் பூவெல்லாம் வரைந்திருந்தார்கள். மேசைமேல் ஒரு சால்வைப் பெட்டி. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. இது எங்க வீட்டம்மா, பேரு அமலோற்பவம். நீங்க பார்த்த நாப்பத்திரண்டு படமும் இவங்க போட்டது."

ஒரு பையன் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

"பொறுங்க. ஏன் இவங்க போட்டாங்கன்னு கேளுங்க. எனக்கு ஒரு வருஷமா எழுத்து தெரியல. தீபாவளிக்கப்புறம் முகமும் தெரியல. யாரு எங்க இருக்கீங்கன்னு குரல வச்சுத்தான் சொல்றேன். உங்க தாள் எல்லாம் இவங்க வாசிச்சு, நான் கேட்டுப் போட்ட மார்க்கு. இத உங்ககிட்ட மறைச்சது தப்பு."

பின்னாலிருந்து ஒரு குரல், பயந்து பயந்து: "சார், அப்ப நான் தூங்கினது தெரியாதா?"

"நீ குறட்டை விடுவடா செல்வின்."

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"கார்குழலி எங்க இருக்க?"

"இங்க சார்."

"திங்கக்கிழமை நீ சொன்ன விடைதான் சரி. நான் போட்டுப் பார்க்காம உன்ன ஏசினேன். நோட்ட வாங்கினா கண்ணு தெரியாதது தெரிஞ்சுரும்னு ஏசினேன். அது உன் தப்பு இல்ல. எல்லார் முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சுக்க. இப்ப வந்து போர்டுல போட்டு இவங்களுக்குச் சொல்லு."

அது தயங்கித் தயங்கி வந்தது. நன்றி என்று எழுதியிருந்ததை அழிக்க மனமில்லாமல் பலகையின் ஓரத்தில் இருந்த இடத்தில் சின்ன எழுத்தாகப் போட ஆரம்பித்தது. "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் பெருசாப் போடுத்தா, கடைசி பெஞ்சுக்குத் தெரியணும்" என்றார். அழித்துவிட்டுப் போட்டது. நான் நகர்த்துப் பொத்தானை இழுத்தேன். வெற்றிலை சுற்றியது, பாத்திரம் எழும்பியது, அந்தப் பிள்ளை நடுவில் இருந்த காலியைக் கையால் காட்டி "இத நாம கழிக்கணும்" என்று சொன்னது. முப்பத்தெட்டு நோட்டிலும் பழைய விடையை அடிக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்தார்கள்.

கதவருகே ஃபாதர் அருள்தாஸ் நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்.

மணி அடித்ததும் சால்வையைப் போர்த்தினார்கள். பேச எழுதி வைத்திருந்த தாளைச் செல்வின் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான். வெளியே வரும்போது இவர் என் தோளில் கை வைத்தார். அறுபத்தாறு அடியும் அப்படியே வந்தோம். வராந்தா முழுக்கப் பிள்ளைகள்.

மார்ச் 1, வெள்ளி.

ஃபாதர் வரச் சொன்னார். போனோம்.

"முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க ஃபாதர்?"

"லீவுல போகச் சொல்லியிருப்பேன்."

"அதான் ஃபாதர் சொல்லல."

ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு பெற்றோர் காலையிலேயே வந்து, கண் தெரியாதவர் போட்ட மதிப்பெண்ணை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். தாள்களை எல்லாம் வேறு ஆசிரியர் மறுபடி திருத்துகிறார். இன்று முதல் மே கடைசிவரை மருத்துவ விடுப்பு. விண்ணப்பத்தை நான் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் இவர் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். ஃபாதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 6, புதன்.

தாள் திருத்தி முடித்துவிட்டார்களாம். இவர் சொன்ன மதிப்பெண் ஒன்றும் மாறவில்லை. இரண்டு தாளில் மொத்தம் தப்பு. இரண்டும் என் கூட்டல்.

மார்ச் 9, சனி.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் அருள்தாஸிடம்தான். அங்கே பேசியதை எழுதக் கூடாது. அபராதம் ஐம்பத்து மூன்று மணி உருட்டிச் சொல்லும் செபமாலை ஒன்று. வீட்டுக்கு வந்து சொல்லி முடித்தேன்.

இரவில் ரெஜினாவுக்குப் போன் போட்டு, டாக்டர் அன்றைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே சொன்னேன். பார்வை இனி திரும்பி வராது, இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம் என்று. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இன்றுதான் சொன்னேன்.

மார்ச் 14, வியாழன்.

காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். பள்ளி வாசலில் வேலை இல்லாததால் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் வானொலியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். சவரம் செய்துகொள்ளவில்லை, மூன்று நாள்.

சொட்டு மருந்து: சரியாக.

மார்ச் 19, செவ்வாய். சூசையப்பர் திருநாள்.

காலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி கேட்டார். பரீட்சை ஆரம்பித்திருக்கும், முதல் பக்கம் முடித்திருப்பார்கள், இப்போது ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வந்திருப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு சைக்கிள் சத்தம். கார்குழலி, பின்னால் செல்வின், இன்னும் இரண்டு பிள்ளைகள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"எப்படி?" என்றார் இவர், எழுந்து நின்று.

"நல்லா எழுதியிருக்கோம் சார். ஆனா அந்தக் கணக்கு வரல."

"எந்தக் கணக்கு?"

"பாத்திரம் சார்."

"சுழற்சியே வரலையா?"

"ஒன்னுகூட வரல சார். ஒரு மார்க்குலகூட" என்றான் செல்வின். "அன்னைக்கு அத அடிச்சு எழுதினதெல்லாம் வேஸ்ட்டு."

கார்குழலி அவன் காலை மிதித்தது. திருத்திய தாளை மறுபடி திருத்தியது, அந்தப் பெற்றோர், கையெழுத்து, எல்லாம் எதற்காக என்று தோன்றியது. இவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"கேள்வித்தாள் வச்சிருக்கியா?"

"இந்தாங்க சார்" என்று நீட்டிய கார்குழலி, பாதியில் நிறுத்தி, அவர் கையைத் தொட்டு அதற்குள் வைத்தது.

"வச்சுட்டுப் போங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. அடுத்த பரீட்சைக்குப் படிங்க."

மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் முகம் கழுவிக்கொண்டு வந்து மேசையடியில் உட்கார்ந்தார். கேள்வித்தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு புது நோட்டு எடு. முதல் கேள்வியிலேர்ந்து வாசி. நான் சொல்லச் சொல்ல எழுது."

வாசித்தேன். கண்ணைத் திறந்துகொண்டே யோசித்தார். வரி வரியாகச் சொன்னார், எழுதினேன். இருபது ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மதிப்பெண் முதல் கணக்கை முடித்ததும் நிறுத்தினார்.

"எழுதினத வாசி."

வாசித்தேன்.

"இன்னொரு தடவை. மெதுவா."

வாசித்தேன்.

"மூணாவது வரியில மைனஸ் எங்க?"

பார்த்தேன். விட்டிருந்தது. அடித்துவிட்டுச் சரியாகப் போட்டேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"முதல் வரியிலேர்ந்து வாசி" என்றார்.